உப்புக் கொல்லையில் ஒரு கனைப்பு

சுப்பராயலு கனைக்கவில்லை. கரும்பு கனைத்தது.

மோட்டார் கொட்டகை வாசலில் குந்தி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ஆவணி மாசத்துக் காலை வெயில், உடம்பில் ஈரச்சாக்கைப் போர்த்தின மாதிரி கசகசவென்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. கிழக்கே பனித்திட்டு ஊர்ப் பக்கம் கடல் இரைகிற சத்தம் ஒரு சீராக வந்துகொண்டிருந்தது. தெற்கே பெண்ணையாற்றில் தண்ணீர் இருக்கிறதா மணல் இருக்கிறதா என்று தெரியாத வெளுப்பு. காற்று என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. அந்த அசங்காத நேரத்தில், ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து நின்ற கரும்புக்குள்ளிருந்து ஒருத்தன் தொண்டையைச் செருமினான். முதலில் நீளமாக ஒரு இழுப்பு. பிறகு ரெண்டு வெட்டு.

“ஹ்ர்ர்ம்... க்கும். க்கும்.”

சுப்பராயலுக்குக் கை நின்றுபோனது. அது அவருடைய கனைப்பு. வயசுப்பிள்ளையாக இருந்ததிலிருந்து பீடி குடித்துக் குடித்துச் சேர்த்து வைத்த கனைப்பு. இன்னொருத்தன் தொண்டையில் அது விளையாது.

“எவன்டா அவன்?”



மோட்டார் ஒயர் அறுக்க வந்தவனாக இருக்கும் என்று தடியை எடுத்துக்கொண்டு போனார். கொல்லையைச் சுற்றிலும் தரையில் உப்புப் பூத்துக் கிடந்தது. வடித்த கஞ்சி காய்ந்தது மாதிரி மெல்லிசான வெள்ளை ஏடு. கோழி நடந்தால்கூட அது பொட்டுப் பொட்டென்று உடையும், தடம் தெரியும். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். ஏடு எங்கேயும் உடையவில்லை. உள்ளே யாரும் போகவில்லை. யாரும் வெளியே வரவும் இல்லை.

‘வயசாயிட்டுதுன்னா காது இப்படித்தான் வேலை காட்டும்’ என்று சொல்லிக்கொண்டார். சொன்னதை அவரே நம்பவில்லை. அவர் எதையும் நம்புகிற ஆள் இல்லை. கரும்பு ஆலைக்காரனை நம்பாமல் எடை போடுகிற இடத்திலேயே நின்று பார்த்தவர். ஆலையை மூடினபோது ‘நான் சொல்லலே?’ என்று சந்தோஷப்பட்டவர். சொந்தப் பெண்சாதிக்குக் கண்ணில் வெள்ளை விழுந்து, ஆபரேஷன் செய்தால் பார்வை வரும் என்று ஊரே சொன்னபோதும், “நோண்டி வுட்டுட்டு சாரின்னு சொல்லுவானுங்க” என்று வீட்டோடு வைத்துக்கொண்டவர்.

அந்தக் கனைப்பு அவளுக்காகத்தான்.

தனக்கொடிக்கு இப்போது வெளிச்சம் எது இருட்டு எது என்கிற அளவுக்குத்தான் தெரியும். மத்தியானம் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்து வரப்பு வழியாகக் காலால் தடவித் தடவி வருவாள். சுப்பராயலு எங்கே இருக்கிறார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். கூப்பிடலாம். கூப்பிட மாட்டார். பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அவருக்குப் பழக்கம் இல்லை. பேசுவதே ‘ஏமே’, ‘இந்தா’ என்கிற அளவுதான். கனைப்பார். அவள் அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நூல் பிடித்த மாதிரி வந்து சேருவாள். கல்யாணம் ஆன நாளாக அந்த வீட்டில் பாதிப் பேச்சு கனைப்பாகவேதான் நடந்திருக்கிறது.

இப்போது அதைக் கரும்பு செய்கிறது.

கரும்பு என்றால் ஆலைக்கரும்பு இல்லை. பேய்க்கரும்பு. ஆற்றங்கரையில் விரல் தடிமனில் தானாக முளைத்து, வெள்ளைப் பூ பூத்து, மாடுகூட வாய் வைக்க யோசிக்கிற காட்டுப் புல்லு. அதை எவனாவது கொல்லையில் நடுவானா? சுப்பராயலு நட்டார்.

போன தை மாசம் விஜயராணி வந்திருந்தாள். செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற வேலை அவளுக்கு. கரையாம்புத்தூர் ஆரோக்கியத்தின் மகள். ஆரோக்கியம் ஒரு காலத்தில் இதே கொல்லையில் கரும்பு வெட்டினவர். அவர் மகள் காரில் வந்து இறங்கினதே சுப்பராயலுக்குப் பிடிக்கவில்லை.

“ஐயா, உங்க கொல்லை ஓரம் ஆத்துப் பக்கமா ஒரு பேய்க்கரும்புத் தூறு நிக்குதே, அதுல ரெண்டு துண்டு வெட்டிக்கிட்டுமா?”

“இன்னாத்துக்கு? உங்கப்பன் வெட்டுனது பத்தலியா?”

அவள் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை. “சுத்துவட்டாரத்துல போர் தண்ணியெல்லாம் உப்பாயிட்டுது. நெல்லு கருகுது, கரும்பு கருகுது. இது மட்டும் எப்படிக் கொழுத்து நிக்குதுன்னு பாக்கணும்.”

வெட்டிக்கொண்டு போனாள். ஒரு மாசம் கழித்துத் திரும்பி வந்தாள். இந்தத் தடவை அவள் கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. சுப்பராயலு அதைக் கவனித்தார். காசு கண்ட கண் என்று நினைத்துக்கொண்டார்.

“இது ரெட்டிச்ச செடிங்கய்யா. எந்தச் செடிக்குள்ளயும் மரபணு நூல் நூலா இருக்கும். எப்படி வளரணும், எப்படிப் பொழைக்கணும்னு செடிக்குச் சொல்றதே அதுதான். எப்பவாச்சும் ஒரு செடியில அது மொத்தமும் அப்படியே ரெண்டா ஆயிடும்.”

“ஆனா இன்னா? ரெண்டு தலை மொளைக்குமா?”

“உங்க போர்ல ஒரே ஒரு மோட்டார் இருக்குதுன்னு வையுங்க. அது ஓடித்தான் ஆவணும். அதைக் கழட்டி நோண்டிப் பாக்க முடியுமா? தண்ணி நின்னுடும். ரெண்டு மோட்டார் இருந்துச்சுன்னா ஒண்ணு பாட்டுக்குத் தண்ணி இறைக்கும். இன்னொண்ணு சும்மாத்தானே கிடக்குது? அதை எப்படி வேணா மாத்தி, வேற வேலைக்கு வச்சுப் பாக்கலாம். காட்டுல இத்தினி தினுசு செடி இருக்குதே, அதுல நிறைய இப்படி ரெட்டிச்சு வந்ததுதான். ஒரு நகல் பழைய வேலையப் பாக்கும். இன்னொரு நகல் புதுசா கத்துக்கும்.”

“இன்னாத்தக் கத்துக்கும்?”

“எது நெருக்குதோ, அதுக்குத் தகுந்தாப்ல. இங்க உப்பு நெருக்குது. உப்பக் கத்துக்கிச்சு.” பிறகு தயங்கி, “இந்தத் தூறை வேரோட எடுத்துக்கினு போறோங்கய்யா. இங்க இருக்கக் கூடாது. இதுலேருந்து கரணை கிரணை வெட்டி நட்டுடாதீங்க. இன்னும் இது இன்னா பண்ணும்னு எங்களுக்கே புரியல” என்றாள்.

சுப்பராயலு சிரித்தார். “போம்மா. போய் வேற எவனாவது இளிச்சவாயன் இருந்தா பாரு.”

அவள் கார் புழுதி அடங்குவதற்குள் அவர் முடிவு பண்ணிவிட்டார். ஒண்ணுக்கும் உதவாத புல்லுக்கு எவளாவது ரெண்டு தடவை காரில் வருவாளா? நடாதே என்கிறாள். அப்படியானால் நட வேண்டும்.

மறுநாளே ஆலைக்கரும்புக்குச் செய்வது போல எல்லாம் செய்தார். தூறை வெட்டி, கணுவுக்குக் கணு முளைப் பருப் பார்த்து, நடுகிற துண்டாகக் கரணை நறுக்கினார். செத்துக் கிடந்த உப்புக் கொல்லை முழுக்க மேடும் பள்ளமுமாகப் பாரும் சாலும் ஓட்டினார். கரணையை வைத்தது தனக்கொடி. அவளுக்குக் கைராசி உண்டு என்பது அந்த ஊர்ப் பேச்சு. கரும்பு நடவு என்றால் முதல் கரணையை அவள் கையால் வைக்கச் சொல்லி அடுத்த கொல்லைக்காரனும் அழைத்துக்கொண்டு போவான். கண் போனாலும் கை போகவில்லை. சுப்பராயலு சாலில் முன்னால் நடந்து கனைப்பார். அவள் அந்தச் சத்தத்தின் பின்னாலேயே குனிந்து வந்து, பருவை விரலால் தடவிப் பார்த்து, பக்கவாட்டில் திருப்பி வைத்து, உள்ளங்கையால் மண்ணைத் தட்டி, “பொழைச்சிக்கோ” என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லுவாள். அவர் கனைப்பு, அவள் கை. அவர் கனைப்பு, அவள் கை. அன்றைக்குப் பொழுது சாயும்வரை அந்தக் கொல்லை மண்ணுக்குள் போனது அந்த ரெண்டும்தான்.

அது பிழைத்துக்கொண்டது. எப்படிப் பிழைத்தது! பங்குனி வெயிலில் ஊரே காய்ந்தபோது இது மட்டும் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில் எழும்பியது. தாய்த்தூறு விரல் தடிமன். இது மணிக்கட்டுத் தடிமன். இலை ரெண்டு பங்கு அகலம். ஓரத்தில் அரம் மாதிரிப் பல். சும்மா உரசினாலே சதையில் கோடு போட்டுவிடும். வாசனையும் சரியில்லை. பச்சைக் கரும்பின் இனிப்பு வாசனைக்கு அடியில், வியர்த்த சட்டையைக் கழற்றிப் போட்டால் வருமே, அந்த ஆள் வாசனை. குருவி அடையவில்லை. எலி வளை தோண்டவில்லை. நாய் அந்த வரப்பில் கால் வைக்காமல் சுற்றிக்கொண்டு போனது.

கனைப்பு கேட்ட அன்றைக்கே, கரண்ட் போன நேரத்தில் மோட்டார் ஓடியது.

சுப்பராயலு கொட்டகைக்குள் போய்ப் பார்த்தார். மோட்டார் சும்மா இருந்தது. கையை வைத்தார், குளிர்ந்து கிடந்தது. சத்தம் கரும்புக்குள்ளிருந்து வந்தது. முதலில் அந்த முனகல், பிறகு தடதடப்பு, பிறகு தண்ணீர் எக்கித் தொட்டியில் விழுகிற சளசளப்பு, எல்லாம் அச்சு அசலாக. கொஞ்ச நேரம் ஓடி, அவர் சுவிட்சைத் தள்ளினால் எப்படி இழுத்து நிற்குமோ அப்படியே இழுத்து நின்றது. அடுத்து மண்வெட்டி. சதக். சதக். ஓய்வு. எச்சில் துப்புகிற சத்தம். சதக்.

அவருடைய ஒரு நாள் பொழுது முழுவதும் அதற்குள்ளே இருந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்பான்கள். ஓசூரில் இருக்கிற மகன், நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேரு என்பான்.

ரெண்டு நாள் போனது. மத்தியானம். கொட்டகைக்குள் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். வரப்பில் தனக்கொடி தூக்கோடு வருவது தெரிந்தது. கனைக்கலாம் என்று வாயைத் திறந்தார்.

அதற்குள் கரும்பு கனைத்துவிட்டது.

தனக்கொடி நின்றாள். தலையைச் சாய்த்தாள். அவர் பக்கம் வர வேண்டியவள் அப்படியே இடது கைப் பக்கம் திரும்பி, கரும்புக்குள் நுழைந்தாள்.

“ஏமே! ஏ! அங்க எங்கடி போற!”

உள்ளிருந்து இன்னொரு கனைப்பு. கொஞ்சம் தள்ளி. இன்னொன்று. இன்னும் தள்ளி. நடவு அன்றைக்கு அவர் சாலில் முன்னால் நடந்தாரே, அதே இடைவெளியில்.

ஓடினார். இலைகள் முகத்திலும் கையிலும் இழுத்தன. உள்ளே இருட்டு. மேலே தோகை மூடி, பகலே பச்சைத் தண்ணீருக்குள் அமிழ்ந்த மாதிரி இருந்தது. அவர் மூச்சு அவருக்கே ரெண்டாகக் கேட்டது. ஒன்று மூக்கில். ஒன்று பின்னால். திரும்பவில்லை. நடுக்கொல்லையில் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துவிட்டார். பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தார்.

அவள் கையெல்லாம் ரத்தம். விரல் நுனியிலிருந்து மணிக்கட்டுவரை கோடு கோடாக அறுத்திருந்தது. அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“அறிவு கீதாடி உனக்கு? கரும்புக்குள்ள இன்னா புடுங்கப் போன?”

“நீதானே கனைச்சிகினே முன்னாடி போன? இன்னாத்துக்கோ கூப்புடுறன்னு வந்தேன்.”

“நான் கொட்டாயில இருந்தேன்டி.”

“பொய் சொல்லாத. கையப் புடிச்சிகினு கூட்டிகினு போனியே.”

சுப்பராயலு கரும்பைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரு புடிச்சா?”

“நீதான்யா.” அவள் அறுபட்ட கையைத் தூக்கி அவர் முகத்துப் பக்கம் காட்டினாள். வெள்ளை படர்ந்த கண்ணில் ஒரு வெட்கம் இருந்தது. “நீ என் கையப் புடிச்சு எத்தினி வருசம் ஆவுது. அதான் ஒண்ணும் கேக்காம வந்தேன்.”

அன்றைக்குச் சாயங்காலம் விஜயராணிக்குப் போன் போட்டார். அவருக்கு அது விஷம் குடிக்கிற மாதிரி இருந்தது. கனைப்பையும் கை பிடித்ததையும் சொல்லவில்லை. நட்டுவிட்டேன், கொல்லை பூராவும் வளர்ந்துவிட்டது, அழிக்க வேண்டும், மருந்து சொல்லு என்றார்.



“நட்டுட்டீங்களா?”

“ஏன், உன்ன உத்தரவு கேட்டுதான் நடணுமா?”

“ஐயா, திட்டுறத அப்புறம் திட்டிக்கலாம். நான் கொண்டுபோன துண்டை வளத்துப் பாத்தோம். அது ரெட்டிப்போட நிக்கல. ரெட்டிச்சது மறுபடி ரெட்டிக்குது. அத்தினி நகல் வேலையில்லாம சும்மா கிடக்குது. உப்புக்கு ஒண்ணு போதுமே. மிச்சத்தை வச்சிகினு அது இன்னாத்தக் கத்துக்குதுன்னு...” குரல் இறங்கியது. “அங்க ஏதாச்சும் சத்தம் கேக்குதாங்கய்யா? எங்க கொட்டகையில ராத்திரிக் காவலுக்கு இருக்கறவரு வேலைய வுட்டுட்டுப் போயிட்டாரு.”

சுப்பராயலு போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“கொளுத்திடாதீங்க. அத மட்டும் பண்ணாதீங்க. நெருக்க நெருக்கத்தான் அது வேகமா கத்துக்குது. ரெண்டு நாள்ல ஆளோட வந்து வேரோட எடுத்துடுறேன். அதுவரைக்கும் கண்ணு தெரியாத ஆயாவ வெளிய வுடாதீங்க.”

“அதான பாத்தேன். எரிச்சிட்டா உனக்கு ஒண்ணும் மிஞ்சாதுல்ல?”

போனை வைத்தார். அவள் பயந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் பயந்தவள் பேச்சையும் அவர் கேட்டுப் பழகவில்லை. கொளுத்தாதே என்றாள். அப்படியானால் கொளுத்த வேண்டும்.

மறுநாள் பொழுது இறங்கும்போது, தீப்பெட்டியும் ஒரு கேன் டீசலுமாகக் கிளம்பினார்.

“ஏமே, இங்க பாரு. நான் வர்ற வரைக்கும் கதவத் தொறக்காத.”

“நீ வந்தியா வேற யாராச்சும் வந்தாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? கனைப்பியா?”

“கனைச்சா தொறக்காதடி!” கத்தினதில் அவள் பின்னுக்கு நகர்ந்தாள். சுப்பராயலு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது இதுவரை கனைத்திருக்கிறது, மோட்டார் ஓட்டியிருக்கிறது, மண் வெட்டியிருக்கிறது. ஒரு வார்த்தை பேசவில்லை. “கனைச்சா அது நான் இல்ல. எத்தினி வாட்டி கனைச்சாலும் தொறக்காத. பேசுனாத்தான் நான். வாயத் தொறந்து பேசுனா தொற.”

“நீயா? பேசுவியா?” என்று அவள் சிரித்தாள். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்ட பிறகுதான் நடந்தார்.

கரும்புக்காரனுக்குக் கொளுத்தத் தெரியும். காற்று வருகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் பற்ற வைத்து, தீ மெதுவாகத் தின்றுகொண்டு போகிறபடி விட வேண்டும். காய்ந்த கரும்புச் சோகையில் டீசலைத் தெளித்தார். வைத்தார். முதலில் நூல் மாதிரிப் புகை. பிறகு சோகை சுருண்டு சுருண்டு எரிகிற பொரபொரப்பு. பிறகு கணுக்கள் சூட்டில் வெடிக்கிற டப், டப். வெல்லம் தீய்கிற வாசனை வந்தது. அதற்குப் பின்னாலேயே மயிர் பொசுங்குகிற வாசனையும் வந்தது.

அவருக்கு ஒரு வெறி ஏறியது.

“எரிடி! நல்லா எரி! என் வூட்டுக்காரியக் கூப்புடுவியா நீ? கையப் புடிப்பியா? எரி!”

டப். டப். டப்.

பிறகு தீக்கு அந்தப் பக்கம், இன்னும் எரியாத கரும்புக்குள்ளிருந்து, அவர் குரலில்:

“எரி.”

சுப்பராயலு வாயை மூடினார்.

“நல்லா எரி,” என்றது. சொல்லிப் பார்க்கிற மாதிரி. வாய்க்குள் போட்டு உருட்டிப் பார்க்கிற மாதிரி. “கூப்புடுவியா. கையப் புடிப்பியா.”  அப்புறம் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக:

“என். வூட்டுக்காரி.”

கத்தக் கூடாது. கத்தினால் கத்துக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு டீசல் கேனைத் தூக்கி அந்தச் சத்தத்தைப் பார்த்து வீசினார். தீ எழும்பியது. ஆனால் காற்று திரும்பிவிட்டது. கடல் காற்று. புகை மொத்தமும் சுவர் மாதிரி அவர் மேல் சாய்ந்தது. கண் தெரியவில்லை. மூச்சு இழுத்தார், சூடான மிளகாய்த்தூளை இழுத்த மாதிரி தொண்டை வெந்தது. தவழ்ந்தார். உள்ளங்கையில் உப்பு ஏடு நொறுங்கியது. ஊர்ந்து ஊர்ந்து வரப்புக்கு வந்து, குப்புற விழுந்து, நெஞ்சு கிழிய இருமினார்.

எழுந்தபோது முக்கால் கொல்லை எரிந்துகொண்டிருந்தது. வீட்டுப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை எரியாமல் நின்றது. நடுவில் ஒரு சந்து. ஆள் நுழைகிற அகலம்.

அந்தச் சந்துக்கு முன்னால் உப்பு ஏடு உடைந்திருந்தது.

தீயின் வெளிச்சத்தில் பார்த்தார். தடம். காலடி இல்லை. வேரோடு பிடுங்கின தூறை ஊன்றி ஊன்றி நடத்தின மாதிரி, வட்டம் வட்டமாக ஈரம். ஒரு இடது. ஒரு வலது. அவர் நடையின் அகலம். இடது கால் அவருக்குச் சற்று இழுக்கும். அதுவும் இழுத்திருந்தது.

வீட்டைப் பார்த்துப் போயிருந்தது.

ஓடினார். ஓடிக்கொண்டே கூப்பிட வாயைத் திறந்தார். தொறக்காதடி. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வெந்த தொண்டையில் சத்தம் வரவில்லை. அடைத்தது. முக்கினார். வந்தது.

“க்கும்.”

மறுபடி.

“ஹ்ர்ர்ம். க்கும். க்கும்.”

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அப்பாடா. தள்ளினார். உள்ளே தாழ்ப்பாள். தீயில் கொப்புளம் போட்ட கையால் இடித்தார்.

உள்ளே தனக்கொடியின் குரல். “அது வந்துட்டுதுய்யா. கேட்டியா? நீ சொன்ன மாதிரியே வந்து கனைக்குது.”

யாரிடம் சொல்கிறாள்?

“கேக்குது,” என்றது உள்ளே அவர் குரல். “நீ பயப்படாத தனம். நான்தான் இருக்கறேன்ல.”

தனம்.

அவர் வாயில் ஒரு நாளும் வராத பேர். அவர் அதற்குக் கற்றுக்கொடுக்காத பேர்.

ஜன்னல். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். கம்பி போட்ட ஜன்னல். உள்ளே ஒரே ஒரு பல்பு. தனக்கொடி தரையில் உட்கார்ந்திருந்தாள், எதிரே தட்டில் சோறு. அவளுக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அது குந்தியிருந்தது. அவர் உயரம். அவர் கூன். சாம்பல் நீல முதுகு. தோல் இல்லை. பட்டை. கணுவுக்குக் கணு வெள்ளைப் பொடி. அது இடுப்பில் குனியவில்லை. ஒவ்வொரு கணுவிலும் குனிந்தது. தோளிலிருந்து தொங்கின கை தரைவரைக்கும் வந்து, தரையில் மடிந்து, இன்னும் நீண்டிருந்தது.

கம்பியைப் பிடித்து உலுக்கினார். “க்கும்! க்கும்! க்கும்!”

தனக்கொடி காதைப் பொத்திக்கொண்டாள். “போகச் சொல்லுய்யா அத. எனக்கு நடுங்குது.”

“போயிடும்.” அந்தக் குரலில் ஒரு மென்மை இருந்தது. சுப்பராயலு அவளிடம் ஒரு நாளும் காட்டாத மென்மை. எங்கே கற்றது? யாரிடம் கற்றது? “நீ சாப்புடு தனம். உனக்குப் பசிக்கும்ல.”

தனக்கொடியின் தோள் குலுங்கியது. அழுகிறாள். சிரிக்கவும் செய்கிறாள். கட்டுப்போட்ட கையால் தடவி, அதன் முழங்காலைக் கண்டுபிடித்து, அங்கேயே வைத்துக்கொண்டாள். கட்டுத்துணியில் புதுசாகச் சிவப்பு ஊறியது.

“இத்தினி வருசம் பேசாத ஆளு,” என்றாள். “இன்னிக்கு ஒரு நாள்ல எத்தினி பேச்சு. பேர் சொல்லிக் கூப்புடுற. பசிக்குதான்னு கேக்குற.”

“அழாத.”

“அழல. கண்ணு தானா ஊத்துது.”

சுப்பராயலு நெற்றியால் கம்பியை இடித்தார். கனைத்தார். அவரால் முடிந்தது அது ஒன்றுதான். கனைத்தார். கனைத்தார். அவள் திரும்பவில்லை.

“இங்க திரும்பு தனம். கண்ணத் தொடச்சி வுடறேன்.”

தரையில் மடிந்து கிடந்த கை எழுந்தது. அகலமாக. நீளமாக. பல்பு வெளிச்சத்தில் அதன் ரெண்டு ஓரமும் அரம் மாதிரி மினுங்கியது.

தனக்கொடி சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி முகத்தை நிமிர்த்தி, ரெண்டு கண்ணையும் அகலத் திறந்து காட்டினாள்.